கைபேசியில் பார்ப்பவர்களுக்காக ஒரு எளிய இணையதளம்: சிறு கடைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு குடும்பக் கடையை எடுத்துக்கொள்வோம். உள்ளூர் வியாபாரம் கடையில் நடக்கிறது, வெளியூர் வியாபாரம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. புதிதாகக் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அதே படங்களை அனுப்பி, அதே விலையைச் சொல்லி, அதே முகவரியைத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துபோகிறது. இதற்கெல்லாம் ஒரே பதிலாக அனுப்ப ஒரு இணைப்பு வேண்டும். அந்த இணைப்பைத் திறப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கையில் போனை வைத்துக்கொண்டுதான் திறப்பார்கள்.

அப்படி ஒரு தளத்தை நீங்களே கட்ட என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கடை மாவு மில்லாக இருக்கலாம், டியூஷன் சென்டராக இருக்கலாம், வழி ஒன்றுதான். ஒரு கணினி வேண்டும், சோதிக்க ஒரு போன் வேண்டும், ஒரு வார இறுதி வேண்டும். நிரல் எழுதிப் பழக்கம் இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். இதில் வரும் ஹெச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கத்தை எழுதும் குறியீட்டு மொழி, ஒரு நாளில் பிடிபடும் அளவுதான்.

தொடங்கும் முன் ஒன்றில் தெளிவாக இருந்துவிடுங்கள். கணினித் திரைக்கு ஒரு தளத்தைக் கட்டி அப்புறம் அதைப் போனுக்குள் திணிப்பது இரட்டை வேலை. போனுக்கு மட்டும் எழுதுங்கள். போனில் சரியாக இருக்கும் பக்கம் கணினியிலும் சரியாக இருக்கும். அதற்கு ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

படி 1: காகிதத்தில் எழுதுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். பக்கத்தைத் திறப்பவர் யார், எங்கே நிற்கிறார், எதற்காகத் திறக்கிறார் என்று முதலில் யோசியுங்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு கையில் பையோடு நிற்கும் ஒரு பெண், தோழி அனுப்பிய இணைப்பைத் தட்டுகிறார். திரையில் வெயில் அடிக்கிறது. டேட்டா வருகிறது, போகிறது. கட்டை விரல் ஒன்றுதான் வேலை செய்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது நான்கே விஷயம்: சேலை எப்படி இருக்கும், என்ன விலை, என் ஊருக்கு அனுப்புவீர்களா, யாரிடம் பேச வேண்டும்.

இந்த நான்கையும் இதே வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று வாக்கியங்களில் பதில் எழுதுங்கள். பதிலில் எண் இருக்க வேண்டும். 'நியாயமான விலை' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. எத்தனை ரூபாயில் தொடங்கி எத்தனை ரூபாய் வரை என்று போடுங்கள். 'விரைவில் டெலிவரி' என்று எழுதாமல் எத்தனை நாள், எந்தக் கூரியர், செலவு யாருடையது என்று எழுதுங்கள்.

'எங்களைப் பற்றி' கடைசியில் வரட்டும். மூன்று தலைமுறைக் கடை என்பது உண்மையிலேயே பெருமைதான். ஆனால் சேலையைப் பார்த்துப் பிடித்த பிறகுதான் கடையின் கதையைக் கேட்கும் பொறுமை வரும். தானாக நகரும் படங்கள், வரவேற்றுக் குறுக்கே எழும் பெட்டி, பின்னணி இசை, வருகை எண்ணிக்கை இவை எதுவும் வேண்டாம்.

எத்தனை பக்கம்? ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. போனில் விரலால் தள்ளிக்கொண்டே போவது எளிது. மூன்று கோட்டு மெனுவைத் தேடித் திறந்து, அடுத்த பக்கம் வரும்வரை காத்திருந்து, பிறகு திரும்பி வருவதுதான் கஷ்டம். ஐம்பது, அறுபது பொருளைத் தாண்டினால் இரண்டாவது பக்கத்தைப் பற்றி யோசிக்கலாம்.

படி 2: தமிழ் எழுத்தைச் சரிசெய்யுங்கள்

தமிழில் தளம் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

கடைக்கு ஏற்கெனவே நோட்டீஸ் அடித்திருப்பீர்கள். டிடிபி சென்டரில் அந்தக் கோப்பு இருக்கும். அதிலிருந்து எழுத்தை எடுத்து ஒட்டினால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத போனில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து வரிசையாகத் தெரியும். கூகுளுக்கும் அது அப்படித்தான் தெரியும் என்பதால் தேடலில் கடை சிக்கவே சிக்காது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, அப்படியே பயன்படுத்தலாம். கன்னாபின்னாவென்று தெரிந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை முழுவதும் படியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். இரண்டு பத்திதான் என்றால் போனில் புதிதாகத் தட்டச்சு செய்வதே வேகம்.

அடுத்தது எழுத்துரு. ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. ஐபோனிலும் தமிழ் எழுத்துரு உண்டு. ஆகவே எதையும் தரவிறக்கச் சொல்லாமல் போனில் இருப்பதையே பயன்படுத்தச் சொல்லிவிடலாம். தலைப்புக்கு மட்டும் தனி அழகு வேண்டுமென்றால் முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு எழுத்துரு, ஒரே ஒரு தடிமன், அதற்கு மேல் வேண்டாம். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிக்கச் சொன்னால் பிரவுசர் தானே பூசித் தடித்துக் காட்டும். ண, ஜ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துவிடும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்துவதே இல்லை.

எழுத்தின் அளவு 17 பிக்சல் (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) வையுங்கள். 16-க்குக் கீழே போக வேண்டாம். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.4 மடங்கு போதும், தமிழுக்கு 1.6 அல்லது 1.7 வேண்டும். 'கீ'யின் விசிறி மேலே நீள்கிறது, 'மூ', 'ழு' கீழே இறங்குகின்றன. வரிகள் நெருங்கினால் மேல்வரியின் கீழ்ப்பகுதியும் கீழ்வரியின் மேல்பகுதியும் முட்டிக்கொள்ளும்.

சொல் நீளத்தையும் கவனியுங்கள். பரவலாக இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களின் பக்க அகலம் 360 பிக்சல் அளவுதான். இருபுறமும் 16 விட்டால் மிச்சம் 328. தலைப்பில் 'கைத்தறிச்சேலைவிற்பனையகம்' என்று சேர்த்து எழுதினால் பெரிய எழுத்தில் அது திரையைத் தாண்டி, பக்கம் முழுவதும் இடவலமாக ஆடத் தொடங்கும். பிரித்து எழுதுங்கள். பாதுகாப்புக்கு, அடுத்த படியில் வரும் சிஎஸ்எஸ் வரிகளில் 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்ற அமைப்பையும் போட்டுவைத்தால் இடம் போதாத சொல்லைப் பிரவுசரே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்.

படி 3: எலும்புக்கூட்டை எழுப்புங்கள்

கணினியில் விஎஸ் கோட் என்ற இலவச எடிட்டரை நிறுவுங்கள். ஒரு புதிய ஃபோல்டர், அதற்குள் ஒரு கோப்பு. கோப்பின் பெயர் 'இண்டெக்ஸ்', பின்னொட்டு ஹெச்டிஎம்எல். தளத்தை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினிகளான சர்வர்கள் முதலில் தேடும் பெயர் அதுதான் என்பதால் வேறு பெயர் வைக்க வேண்டாம். கோப்பைத் திறந்து ஆச்சரியக்குறி ஒன்றைத் தட்டி, டேப் விசையை அழுத்துங்கள். ஒரு முழுப் பக்கத்தின் எலும்புக்கூடு தானாக வந்து விழும்.

அதில் மூன்று வரிகளைக் கவனியுங்கள். முதலாவது மொழி. ஆங்கிலத்துக்கான 'இஎன்' என்று இருக்கும், அதைத் தமிழுக்கான 'டிஏ' என்று மாற்றுங்கள். பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் செயலிகள் எந்த மொழியின் குரலை எடுப்பது என்பதற்கும், இந்தப் பக்கத்தை மொழிபெயர்க்கவா என்று பிரவுசர் கேட்பதற்கும் இந்த இரண்டெழுத்து உதவுகிறது. இரண்டாவது, எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று சொல்லும் வரி. அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது 'வியூபோர்ட்' வரி. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 2007-இல் ஐபோன் வந்தபோது இணையத்தில் இருந்ததெல்லாம் கணினித் தளங்கள்தான். அவற்றைக் காட்ட ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது. போனின் பிரவுசர் தன் அகலம் 980 பிக்சல் என்று பாவித்துப் பக்கத்தை வரைந்து, பிறகு முழுவதையும் சுருக்கி அந்தச் சிறு திரையில் காட்டியது. மற்ற போன்களும் அதே வழியில் வந்தன. இன்றும் வியூபோர்ட் வரி இல்லாத பக்கத்தைப் போன் அப்படித்தான் காட்டும், அதாவது எறும்பு அளவு எழுத்தில். 'சுருக்காதே, உன் உண்மையான அகலத்துக்கே வரை' என்று சொல்வது இந்த வரி. ஆச்சரியக்குறி தந்த எலும்புக்கூட்டில் இது ஏற்கெனவே இருக்கும், இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். சிலர் இதிலேயே 'பெரிதாக்க முடியாது' என்று ஒரு தடையையும் சேர்க்கிறார்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள். வெள்ளெழுத்து வந்தவர்கள் இரண்டு விரலால் விரித்துப் படிக்கும் வசதி அது.

தலைப்பு வரியில் கடைப்பெயர், பொருள், ஊர் மூன்றையும் போடுங்கள். பிறகு உடல் பகுதி, அதாவது எலும்புக்கூட்டில் 'பாடி' என்று இருக்கும் இடம். ஒரு பெரிய தலைப்பு, அதன்கீழ் ஒரு வாக்கியம், ஒரு படம், பொத்தான்கள், சேலை வரிசை, அனுப்பும் விவரம், முகவரி, கடையின் கதை. படி 1-இல் எழுதிய காகிதத்தை அப்படியே இறக்கிவையுங்கள்.

அலங்காரத்துக்கான சிஎஸ்எஸ் வரிகளைத் தனிக் கோப்பாக வைக்காமல் அதே பக்கத்தின் தலைப்பகுதியில், அதாவது 'ஹெட்' என்று இருக்கும் இடத்தில், எழுதிவிடுங்கள். ஒரு பக்கத் தளத்துக்கு இதுவே நல்லது, போன் இன்னொரு கோப்பைக் கேட்டு இன்னொரு முறை சர்வருக்கு ஓட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே நெடுவரிசையில் வையுங்கள். எதற்கும் பிக்சலில் அகலத்தை நிர்ணயிக்காதீர்கள். படங்களின் அதிகபட்ச அகலம் 100 சதவீதம், உயரம் தானாக. இனி நான் முதலில் சொன்ன அந்த ஒரு வரி: உடல் பகுதியின் அதிகபட்ச அகலம் 640 பிக்சல், இருபுற ஓரங்கள் 'ஆட்டோ'. கணினியில் திறந்தால் பக்கம் நடுவில் அழகாக நிற்கும். வேலை முடிந்தது.

தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்குமே என்று சிலர் கவலைப்படுவார்கள். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பது உண்மைதான். 'சுங்குடி' என்ற சொல்லில் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 8 குறியீடுகள், ஆக 24 பைட். ஆனால் சர்வர் பக்கத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது, திரும்பத் திரும்ப வரும் பைட்டுகள் நன்றாகவே சுருங்கும். உங்கள் ஒரு பக்கத் தமிழ் உரை முழுவதும் சேர்ந்தாலும் ஒரு சிறிய படத்தின் எடைக்குப் பக்கத்தில்கூட வராது.

படி 4: கட்டை விரலுக்கான பொத்தான்கள்

போனில் திறந்த பக்கத்தில் போன் எண்ணைப் பார்த்து மனப்பாடம் செய்து டயல் செய்ய வைப்பது கொடுமை. எண்ணைத் தொட்டதும் அழைப்புத் திரை வர வேண்டும். அதற்கு இணைப்பின் முகவரியில் 'டெல்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, பிளஸ் 91 சேர்த்து எண்ணை எழுதினால் போதும். வாட்ஸ்அப்புக்கு 'டபிள்யூஏ டாட் எம்இ' என்ற முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு, அதன்பின் 91 சேர்த்த எண். இங்கே மட்டும் பிளஸ், இடைவெளி, சிறுகோடு எதுவும் இருக்கக் கூடாது. இந்த இணைப்பிலேயே முன்கூட்டி எழுதிய ஒரு செய்தியையும் சேர்க்கலாம். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண் கொடுத்து, அதன்கீழ் உள்ள பொத்தானைத் தட்டினால் '14-ஆம் எண் சேலை இருக்கிறதா?' என்ற செய்தி தயாராக நிற்கும்படி செய்துவிட்டால், எந்தச் சேலையைக் கேட்கிறார் என்று துருவும் வேலையே உங்களுக்கு இல்லை. கடையின் நாள் முழுவதையும் மாற்றிவிடக்கூடிய சின்ன ஏற்பாடு இது.

பொத்தானின் உயரம் குறைந்தது 48 பிக்சல் இருக்கட்டும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் அளவு அது, ஆப்பிள் 44 என்கிறது. இரண்டு பொத்தான்களுக்கு நடுவே 8 பிக்சலாவது இடைவெளி விடுங்கள். பொத்தானின் மேல் 'இங்கே கிளிக் செய்க' என்று எழுதாமல் 'கடைக்குப் போன் செய்ய', 'வாட்ஸ்அப்பில் கேட்க' என்று எழுதுங்கள்.

இந்த இரண்டையும் திரையின் அடியில் நிலையாக நிற்கும் ஒரு பட்டையில் வைக்கலாம். கட்டை விரல் எளிதாகப் போகும் இடம் திரையின் கீழ்ப்பகுதிதான். அப்படி வைத்தால் பக்கத்தின் முடிவில் பட்டையின் உயரத்துக்குச் சமமாக வெற்றிடம் விடுங்கள், இல்லாவிட்டால் கடைசி வரி பட்டைக்கு அடியில் மறைந்துபோகும்.

முகவரியின் கீழ் கூகுள் மேப்ஸ் இணைப்பு ஒன்று கொடுங்கள். வரைபடத்தையே பக்கத்துக்குள் பதிக்க வேண்டாம். அது கனமானது, கீழே தள்ள நினைக்கும் விரல் வரைபடத்துக்குள் சிக்கியும் கொள்ளும். பணம் செலுத்தும் கியூஆர் படத்தையும் போட வேண்டாம். தன் போனில் பார்ப்பவர் தன் திரையைத் தானே ஸ்கேன் செய்ய முடியாதே. பேசி முடிவான பிறகு யுபிஐ முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

படி 5: படங்கள்

சேலைக் கடைக்குப் படம்தான் உயிர். பக்கத்தின் எடையும் அதில்தான் இருக்கிறது.

இன்றைய போன் கேமராவில் எடுக்கும் ஒரு படம் 4000 பிக்சல் அகலமும் 3, 4 எம்பி எடையும் இருக்கும். 20 சேலைகளை அப்படியே ஏற்றினால் 60 முதல் 80 எம்பி. பேருந்து நிலையத்தில் நிற்பவர் முதல் படம் வருவதற்குள் பஸ் ஏறிவிடுவார். போன் திரையின் பக்க அகலம் 360 என்றாலும், திரையில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு அகலமுள்ள படம் தெளிவாகத் தெரியும். ஆகவே 1000 பிக்சல் அகலம் எல்லாருக்கும் போதும்.

ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இயங்குகிறது. அதில் படத்தை இழுத்துப் போட்டு, அகலத்தை 1000 ஆக்கி, வெப்பி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, தரத்தை 75-இல் வையுங்கள். நடுவில் ஒரு கோடு இருக்கும், அதை இடவலமாக நகர்த்தினால் அசலும் சுருக்கியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இங்கேதான் சுங்குடிக்குத் தனிக் கவனம் வேண்டும். வெற்று நிறச் சேலை தரம் 60-இலும் நன்றாக இருக்கும். சுங்குடியின் அழகு அதன் புள்ளிகள், முடிச்சிட்டுச் சாயம் தோய்த்ததால் ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் லேசாகக் கசிந்து நிற்பது. தரத்தை அதிகம் குறைத்தால் அந்தக் கசிவு கட்டம் கட்டமாக உடைந்து, அச்சடித்த மலிவுச் சேலை போலத் தெரியும். கோட்டைப் புள்ளிகளின் மேல் நகர்த்திப் பார்த்து, வித்தியாசம் தெரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். பெரும்பாலும் 100 முதல் 200 கேபிக்குள் அடங்கிவிடும்.

வெப்பி படங்கள் இன்றைய ஆண்ட்ராய்டு போன்களிலும், 2020-க்குப் பிந்தைய மென்பொருள் கொண்ட ஐபோன்களிலும் தெரியும். பட்டன் வைத்த பழைய ஜியோபோன் வைத்திருப்பவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் ஜேபெக் வடிவத்திலேயே சேமியுங்கள், எடை கொஞ்சம் கூடும்.

எடுக்கும் விதமும் முக்கியம். ஃபிளாஷ் வேண்டாம், டியூப் லைட் வெளிச்சமும் வேண்டாம். காலை வெளிச்சத்தில் திண்ணை நிழலில் விரித்து எடுங்கள். நிறம் உண்மைக்கு நெருக்கமாக வந்தால்தான் 'படத்தில் அரக்கு, கையில் வந்தது சிவப்பு' என்ற சண்டை வராது. ஒவ்வொரு சேலைக்கும் இரண்டு படம் போதும்: உடலும் கரையும் முந்தியும் தெரிகிற ஒன்று, புள்ளி தெரிகிற நெருக்கமான ஒன்று. வீட்டில் வைத்து எடுப்பதானால் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள், வீட்டின் இடக்குறிப்பு படத்துக்குள் ஒட்டிக்கொண்டு போக வேண்டாம்.

பக்கத்தில் படத்தைச் சேர்க்கும்போது அதன் அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதுங்கள். எழுதினால் படம் வருவதற்கு முன்பே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கிவைக்கும். எழுதாவிட்டால் ஒவ்வொரு படமும் வந்து இறங்கும்போது கீழே உள்ளதெல்லாம் துள்ளும், படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போகும், வேறு பொத்தானில் விரல் பட்டுவிடும். முதல் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 'லோடிங்' என்ற இடத்தில் 'லேஸி' என்று எழுதுங்கள். விரல் அந்தப் படத்தை நெருங்கும்போதுதான் அது தரவிறங்கும், பாதியிலேயே போய்விடுபவரின் டேட்டா வீணாகாது. 'ஆல்ட்' என்ற இடத்தில் 'மயில் கழுத்து நிற உடல், அரக்குக் கரை, வெள்ளைப் புள்ளி' என்பது போலப் படத்தைச் சொல்லால் எழுதுங்கள். படம் வராதபோது தெரிவதும் அதுதான், கூகுள் படிப்பதும் அதுதான்.

விலையைப் படத்தின் மேல் எழுதாதீர்கள். விலை மாறும்போது படத்தையே மாற்ற வேண்டிவரும். படத்துக்குக் கீழே எழுத்தாகப் போடுங்கள்.

கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸ் கணினி பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. பெரும்பாலான சர்வர்கள் பார்க்கும். 'வீட்டில் படம் தெரிந்தது, ஏற்றியதும் தெரியவில்லை' என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

படி 6: நிறம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக்கு நெருக்கமான எழுத்து. வெயிலில் படிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மெல்லிய சாம்பல் எழுத்து அறைக்குள் நாகரிகமாகத் தெரியும், வெளியே மறைந்துபோகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதி. பொத்தானுக்கு ஒரே ஒரு நிறம், கடைப் பலகையில் உள்ள நிறமே இருக்கட்டும்.

படி 7: சோதனை

குரோமில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கம் போன் வடிவத்துக்கு மாறும். அகலத்தை 360, 390, 320 என்று மாற்றிப் பாருங்கள். எதிலும் பக்கம் இடவலமாக ஆடக் கூடாது. அங்கேயே நெட்வொர்க் பகுதியில் இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு மறுபடி திறந்து காத்திருங்கள். உங்கள் வீட்டு வைஃபையில் தெரியாத உண்மை எல்லாம் அப்போது தெரியும்.

தளத்தை ஏற்றிய பிறகு பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுள் கருவியில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு எண்களை மட்டும் கவனித்தால் போதும். திரையின் பெரிய படமோ பத்தியோ வர எடுக்கும் நேரம் 2.5 வினாடிக்குள் இருக்க வேண்டும். பக்கம் துள்ளும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகள் சொல்லும் 'மொபைல் ஃபிரெண்ட்லி டெஸ்ட்' கருவியைத் தேடாதீர்கள், 2023 டிசம்பரில் அதை கூகுள் நிறுத்திவிட்டது.

இவற்றைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. இந்த வேலையில் பங்கெடுக்காத ஒருவரிடம், முடிந்தால் உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ, அவருடைய போனிலேயே இணைப்பைக் கொடுங்கள். 'அம்மா, இதில் பச்சைச் சேலை என்ன விலை, பார்த்துச் சொல்லுங்க' என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வாயைத் திறக்காதீர்கள், கையையும் நீட்டாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதைப் பொத்தான் என்று நினைத்துத் தட்டுகிறது என்று பாருங்கள். அவர் தடுமாறிய இடத்தைத்தான் திருத்த வேண்டும்.

படி 8: ஏற்றுதல்

கிளவுட்ஃபிளேர் பேஜஸ், நெட்லிஃபை போன்ற இடங்களில் இலவசக் கணக்கு தொடங்கி, உங்கள் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் தளம் நேரலைக்கு வந்துவிடும். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் இணைய வியாபாரத்தை நடத்துவதற்கான இடம் அது இல்லை என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. கடைக்கு வேண்டாம். நான் சொன்ன மற்ற இரண்டிலும் பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் முகவரி தானாகவே அமைந்துவிடும். அது இல்லாத தளத்தை 2018 ஜூலையிலிருந்து குரோம் 'பாதுகாப்பற்றது' என்று அடையாளமிட்டுக் காட்டுகிறது, வாங்க வந்தவர் அதைப் பார்த்தே மிரண்டுவிடுவார்.

சொந்த முகவரி வேண்டுமென்றால் 'டாட் இன்' பெயர் ஒன்று வாங்குங்கள். போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையின்றி எழுதும் பெயராகப் பாருங்கள். தமிழிலேயே 'டாட் இந்தியா' முகவரியும் கிடைக்கிறது, இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். முதல் வருட விலை குறைவாகவும் புதுப்பிக்கும் விலை அதிகமாகவும் இருப்பது வழக்கம், இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் வாங்குங்கள். செய்துகொடுக்கும் தம்பி எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் அவர் கணக்கில் வேண்டாம். அவர் வேலை மாறி வெளிநாடு போனபின் புதுப்பிக்க முடியாமல் பல வருடப் பெயரை இழந்த கடைகள் எத்தனையோ.

படி 9: பகிர்தலும் தேடலும்

வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டியதும் படமும் தலைப்பும் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டி வருகிறதே, அது தானாக நன்றாக வந்துவிடாது. தலைப்பகுதியில் 'ஓப்பன் கிராஃப்' வரிகள் மூன்று வேண்டும்: தலைப்பு, விவரம், படத்தின் முழு முகவரி. படம் 1200-க்கு 630 பிக்சல், எடை 300 கேபிக்குள். உங்கள் கடையின் மிக அழகான சேலையை இங்கே போடுங்கள், பலர் பார்க்கப்போகும் முதல் படம் இதுதான். மாற்றிய பிறகும் பழைய பெட்டியே வந்தால் பயப்பட வேண்டாம், வாட்ஸ்அப் பழையதைச் சேமித்து வைத்திருக்கிறது. முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறியும் 2 என்ற எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள், புதியது வரும்.

கூகுள் இன்று தளங்களைப் போனின் கண்ணால்தான் படிக்கிறது, கணினிப் பதிப்பைப் பார்த்து மதிப்பிடுவதில்லை. போனுக்கென்றே கட்டிய உங்கள் தளத்துக்கு இது நல்ல செய்தி. தமிழில் பேசினாலும் தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். ஆகவே சுங்குடி, சின்னாளப்பட்டி, காட்டன் சேலை ஆகிய சொற்களை ஆங்கில எழுத்திலும் பக்கத்தில் ஓரிடத்தில் இயல்பான ஒரு வாக்கியமாக எழுதிவையுங்கள். கூகுள் மேப்ஸில் கடையைப் பதிவு செய்து, அங்கே இந்தத் தளத்தின் முகவரியைக் கொடுங்கள். அக்கம்பக்க ஊர்க்காரர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

படி 10: கடையைப் போலவே தளத்தையும் திறந்துவையுங்கள்

விற்றுத் தீர்ந்த சேலையை வாரம் ஒருமுறை எடுத்துவிடுங்கள். படத்தை மட்டும் நீக்கிவிட்டு அதன் எண்ணை வேறு சேலைக்குக் கொடுக்காதீர்கள், பழைய ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இருப்பார்கள். விலைப் பகுதியின் மேல் 'இந்த மாத விலை' என்று மாதத்தின் பெயரோடு எழுதுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முன் ஆர்டர் எடுக்கும் கடைசித் தேதியை முதல் திரையிலேயே போடுங்கள், பண்டிகை முடிந்த மறுநாள் எடுத்துவிடுங்கள்.

போன் எண் மாறினால் மாற்ற வேண்டிய இடங்கள் மூன்று: கண்ணுக்குத் தெரியும் எண், அழைப்பு இணைப்பு, வாட்ஸ்அப் இணைப்பு. சேலைக்கு ஒன்றாக வாட்ஸ்அப் பொத்தான் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் அந்த எண் இருக்கும். விஎஸ் கோடில் கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தி, பழைய எண்ணைத் தேடி எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் எண்ணின் நடுவே இடைவெளி விட்டிருந்தால் அந்தத் தேடலில் அது சிக்காது, அதைக் கையால் மாற்றுங்கள். மாற்றி ஏற்றிய பிறகு, உங்கள் எண் சேமிக்கப்படாத வேறொருவர் போனிலிருந்து பொத்தான்களைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.